புத்தூர் எந்த மாவட்டம்?

எங்கள் குடும்பத்தில் யார் யாருக்குப் பணம் அனுப்பினாலும் வங்கிக் கிளையின் குறியீட்டை என்னிடம்தான் கேட்பார்கள். முதலில் வங்கியின் நாலு எழுத்து, அடுத்து ஒரு சைபர், பிறகு கிளையின் எண் என்று ஐஎஃப்எஸ்சி கோடை நான் விளக்கத் தொடங்கினால், பேசாமல் பஸ் ஏறிப்போய்க் கையிலேயே கொடுத்துவிடலாமா என்று அவர்களுக்குத் தோன்றிவிடும். சித்தூரில் ஒரு பால் பண்ணையில் கணக்கு எழுதுகிறவன் நான். இந்த ஒன்றிலாவது பெரிய மனிதனாக இருந்துவிட்டுப் போகிறேனே.

இன்னொரு வியாதியும் உண்டு. திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரித்ததிலிருந்து, புத்தூரைச் சித்தூர் மாவட்டம் என்று யார் சொன்னாலும் விடமாட்டேன். திருப்பதி மாவட்டம் என்று திருத்திவிட்டுத்தான் மறுவேலை. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களைக்கூடத் திருத்தியிருக்கிறேன்.

புத்தூரில்தான் என் தங்கை இருக்கிறாள். மச்சான் தவறிப்போனபின் தனியாக மகளை ஆளாக்கியவள். மகள் திருப்பதியில் நர்ஸ். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று, மண்டபச் செலவு தாய்மாமனுடையது என்று நானே எழுந்து நின்று அறிவித்தேன். மண்டபம் தேடிய அன்று, அந்த முகூர்த்தத்துக்குத் திருப்பதியில் ஒரே ஒரு மண்டபம்தான் மிச்சமிருந்தது. சாயங்காலத்துக்குள் முன்பணம் வராவிட்டால் அதே நாளைக் கேட்கும் காளஹஸ்திக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் மண்டபக்காரர். செல்போன் நம்பருக்கு அனுப்புவதெல்லாம் அவருக்கு ஆகாது. சொந்த ஊரான புத்தூர்க் கிளையில் அவருக்கு இருக்கும் கணக்கில்தான் போட வேண்டும். குறியீட்டையும் அவரிடமே கேட்டு வாங்கட்டுமா என்றாள் தங்கை. யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய் என்றேன்.

வங்கிச் செயலியில் மாநிலம், மாவட்டம், கிளை என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆந்திரா, திருப்பதி என்று தட்டினேன். புத்தூர் இல்லை. வங்கியின் பட்டியல் பழைய மாவட்டத்திலேயே கிடந்தது. பிரித்த சங்கதியே தெரியாதவன் சித்தூரைத் தட்டி அதே நிமிஷம் கண்டுபிடித்திருப்பான். எனக்குத்தான் தெரியுமே. புத்தூர்க் கிளையைத் திருப்பதிக் கிளையோடு சேர்த்துவிட்டார்கள் என்று நானே முடிவுசெய்து, திருப்பதியின் குறியீட்டைப் போட்டுப் பணத்தை அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்கு முன்பே தங்கையைக் கூப்பிட்டு, போட்டாச்சு என்றும் சொல்லிவிட்டேன்.

மூன்று மணிக்கு அவள் கூப்பிட்டாள்.

"இன்னாண்ணா, துட்டு வரலைன்றாரு. காளஹஸ்திக்காரங்க வந்து குந்திக்கினு இருக்காங்களாம்."

வங்கிக்கு ஓடினேன். கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கிற வங்கிகளும் உண்டாம். இது அந்த ரகமில்லை. கிளை பொருந்தவில்லை, நாளைக்கு உங்கள் கணக்குக்கே திரும்பி வந்துவிடும் என்றார் அதிகாரி. புத்தூர் எந்த மாவட்டத்தில் சார் இருக்கிறது என்று அவர் வேறு கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

மறுபடி அனுப்பக் கணக்கில் வேறு பணமில்லை. திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். மண்டபக்காரரிடம் கெஞ்சுவதற்கு நல்ல தெலுங்கில் நாலைந்து வாக்கியங்கள் தயார்செய்தேன். மண்டபம் கைநழுவிப்போனால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்று பயமாக இருந்தது. அவள் திட்டமாட்டாள் என்பதுதான் பெரிய பயம்.

போய்ச் சேர்ந்தபோது காளஹஸ்திக்காரர்களைக் காணவில்லை. மண்டபக்காரருக்கு எதிரில், வேலைக்குப் போட்டிருந்த உடுப்போடு தங்கை மகள் உட்கார்ந்திருந்தாள். நான் தெலுங்கை எடுப்பதற்குள் அவரே பேசினார். எங்கள் மாமா போட்டாச்சு என்றால் போட்டாச்சுதான், அவர் வாயில் பொய் வராது என்று இந்தப் பெண் ஒரே பிடியாகச் சொன்னாளாம். அப்பா இல்லாத பெண் இவ்வளவு தூரம் நம்பிச் சொல்கிறாளே என்று, வந்தவர்களை அனுப்பிவிட்டாராம். பணம் நாளைக்கு வந்தால் போதும் என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. தலையை ஆட்டினேன்.

ரசீதுப் புத்தகம் எடுத்துவர அவர் உள்ளே போனார். அவர் தலை மறையும்வரை காத்திருந்துவிட்டு, அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"மாமா, நெசமாலும் அனுப்பிச்சியா?"