ஐந்தா, ஆறா: பாகூருக்கு ஒரு பயணம்

காலை ஆறு மணிக்கு வில்லியனூர் கடைத்தெருவில் வண்டி பிடித்தேன். பாகூர் பத்து மைலுக்குக் குறையாது; கூலி ஒரு ரூபாய். இரண்டும் பிரெஞ்சுக்காரன் ஊர்தான்; ஆனால் வழியில் இரண்டு இடத்தில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிடுகிறது. சுங்கச்சாவடியில் வைக்கோலைக் கிளறிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

நான் படித்தது இங்கிலீஷ்காரன் பக்கம், கடலூரில். அங்கே வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் தனித்தனிக் கண்டங்கள், மொத்தம் ஆறு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அமெரிக்கா ஒன்றுதான்; மொத்தம் ஐந்து. வில்லியனூருக்கு மாற்றலாகி வருமுன், போன வருஷம் பாகூரில் வாத்தியாராக இருந்தபோது, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த செல்லம்மாளுக்குப் பழக்கதோஷத்தில் ஆறு என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது, புருஷன் இறந்துவிட்டான். தேறினால் பெண்கள் பள்ளியில் வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் சைகோனில் இருக்கும் கொழுந்தன் வீட்டுக்குச் சமைத்துப்போட கப்பலேற வேண்டியதுதான்.

வாய்மொழிப் பரீட்சையில் ஆறு என்றாள். ஐந்து என்று பரீட்சை நடத்திய பிரெஞ்சுத் துரை திருத்தியும் மாற்றிக்கொள்ளவில்லை. பூகோளத்தில் பூஜ்யம். ஒரு பாடத்தில் பூஜ்யம் வாங்கினால் மற்றவை எண்ணிக்கையில் வராது.

பதினொரு மணிக்குப் பாகூர் ஏரிக்கரை. ஏரி பாதிக்குமேல் வற்றிக் கிடந்தது. அவள் வீட்டில் தகரப்பெட்டி கட்டியாகிவிட்டது. அவளை அழைத்துப்போக லீவில் வந்திருந்த கொழுந்தன் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். முடிவு நேற்றே தெரிந்துவிட்டதாம்.

தவறு என்னுடையது என்று செல்லம்மாளிடம் சொன்னேன்.

“ஆறுன்றது தப்பாங்க ஐயா?”

“தப்பில்லை. அவரவர் பிரிக்கிற விதம். அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் ஐந்து.”

“யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு தொர கேட்டாரு. பொஸ்தவத்துல படிச்சேன்னேன். பேர சொன்னா உங்க வேல போயிடும்னு.”

பரீட்சை அன்று நான் அந்த அறைக்கு வெளியே தாழ்வாரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கேள்வியும் பதிலும் காதில் விழுந்தன. எழுந்து உள்ளே போயிருக்கலாம். அதை அவளிடம் சொன்னேன்.

“தெரியும்யா. ஜன்னல்ல உங்க தலப்பாவ பாத்தேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குடிக்கத் தண்ணீர் அனுப்பினாள். அவள் வெளியே வரவில்லை.

இரண்டு மணிக்குத் திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் தவறு என்னுடையது என்று துரைக்குக் கடிதம் எழுதினேன். தேறியவர்கள் பட்டியல் முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பதில் வந்த வாரமே அவள் கப்பல் போய்விட்டது.

மறுவாரம் வில்லியனூர் வகுப்பில் பூகோளப் பாடம். கண்டங்கள் எத்தனை என்று ஒருத்தி கேட்டாள். ஐந்து என்றேன்.