சிமிகோட்டிலிருந்து ஐம்பது நிமிடம்

காலை ஆறு பத்துக்குச் செய்தி வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு நேபாள்கஞ்சிலிருந்து அண்ணன் தன்வீர்தான் கூப்பிடுவான். கீழே அந்த விமான நிலையத்தில் சுமை ஏற்றுகிறவன் அவன். மேலே மலையூரான சிமிகோட்டின் விமானத்தளத்தில் ஆளையும் மூட்டையையும் எடை போடுகிறவள் தங்கை பிஸ்னா ரோகாயா. "பறந்தாச்சு, ஆட்டை விரட்டு" என்பான். பதினாறு வருடத்தில் அதற்கு மேல் அதிகம் பேசியதில்லை.

அன்று அதே எண்ணிலிருந்து அண்ணி பேசினாள்.

"ராத்திரி நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு பிஸ்னா, எந்திரிக்கவே இல்ல. பதினோரு மணிக்கு ஆத்தங்கரைக்குத் தூக்குறாங்க. இந்த வெயிலுக்கு அதுக்கு மேல வைக்க முடியாதாம். முதல் விமானம் கிளம்பிருச்சுன்னு அவரு கூட்டாளிங்க சொல்லச் சொன்னாங்க."

"அதுலயே வந்துர்றேன் அண்ணி. மூஞ்சியப் பாக்காம விடமாட்டேன்."

ஆகாய வழியில் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஐம்பது நிமிடம். நடந்து போய்ப் பேருந்து பிடித்தால் ஒரு வாரம் போதாது. பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும், எதுவும் பறக்காது. பிஸ்னா முகம் கழுவிக்கொண்டு விமானம் வருவதை அறிவிக்கும் சங்கை ஊதினாள். ஓடுபாதையில் மேய்ந்த ஆடுகளை விரட்டினாள்.

விமானம் இறங்கியது. திரும்பிப் போவதற்கு ஓர் இருக்கை காலியாகத்தான் இருந்தது, எடைதான் இல்லை. பயணிகள் மூட்டையோடு தராசில் ஏறி முடித்தபோதே விமானி சொன்ன அளவு நிரம்பிவிட்டது. பிஸ்னா தானும் ஏறிப் பார்த்தாள். ஐம்பத்து நான்கு கிலோ.

"தராசு ஒங்கிட்டதானே இருக்கு? பூஜ்யம்னு எழுதிக்க, யாரு பாக்கப் போறா?" என்றார் சாவுச் செய்தி கேட்டிருந்த பயணி, வியாபாரி பால்சாங் லாமா.

"அண்ணன் பாப்பான். நான் அனுப்புற ஒவ்வொரு மூட்டையையும் கீழ திரும்ப நிறுக்குறவன் அவன்."

லாமா ஒரு மூட்டையை இழுத்து ஓரமாகப் போட்டார். "போன மாசம் அரைக்கிலோ அவரைக்கு என்னை இறக்கிவிடப் பாத்தியே, ராட்சசி. இந்தா, இருபது கிலோ. அடுத்த வாரம் அனுப்பு."

மற்றவர்களும் வால்நட், உலர்ந்த ஆப்பிள், கம்பளி என்று ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஐம்பத்து நான்கு சேர்ந்தது. ஆனால் பிஸ்னா எல்லாரையும் மறுபடி தராசில் ஏறச் சொன்னாள். எடை முடிந்ததும் வேலிக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர்களிடம் வாங்கித் திணித்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம், அவளுக்குத் தெரியாததா? லாமா மட்டும் மூன்று கிலோ கூடியிருந்தார்.

"கோட்டைக் கழட்டுங்க."

"குளிருதும்மா."

"கீழ வெயிலு கொளுத்துது. கழட்டுங்க."

உள்பையெல்லாம் அவரைக்கொட்டை. வரிசையே சிரித்தது. பிஸ்னாவும் சிரித்து, சிரிக்கும்போதே அழுதாள். அழுதுகொண்டே புறப்படும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, சங்கு அறைச் சாவியைக் காவலரிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் பயணம். வழி முழுவதும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றங்கரைக்குத் தூக்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

பதிவேட்டின் அன்றைய பக்கத்தில், புறப்பட்ட நேரம் ஏழு நாற்பது என்று அவள் கையெழுத்தில் இருக்கிறது. விமானம் கீழே இறங்கிய நேரத்தைத் தன்வீர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் அவள் எழுதுவது வழக்கம். அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே கிடக்கிறது.