ஓரக்கண்ணால் பார்த்த சித்தி

என் சித்தி முப்பத்தோரு வருடம் ஒரு பட்டன் கடையில் வேலை பார்த்தாள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் மாதிரிக்கு ஒரு பட்டன் தைத்திருக்கும். எதிர்ச்சுவரில் நூல்கண்டுகள். நீலத்தில் மட்டும் நாற்பத்தாறு வகை. தையல்காரர் நகத்தளவு துணித்துண்டை நீட்டினால் போதும். சித்தி அதை வாசல் வெளிச்சத்தில் ஒருதரம் திருப்பிப் பார்ப்பாள், அலமாரிக்குப் போவாள், கை வைத்த கண்டு அதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது கண்டை எடுத்து அவள் ஒப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பள்ளி விடுமுறையில் அந்தக் கடையின் மூலையில் உட்கார்ந்து கலைந்த பட்டன்களைப் பிரித்துப் போடுவது என் வேலை. பாதியை என் பாவாடைப் பையில் போட்டுக்கொள்வதும் என் வேலைதான். புதுத் துணியும் அட்டைப் பெட்டியும் கலந்த அந்த வாசனை எங்காவது வந்தால் இன்றைக்கும் என் கால் ஒரு நொடி நின்றுவிடும்.

ஐம்பத்து நாலு வயதில் சித்தியின் பார்வைக்கு நடுவில் ஒரு மங்கல் விழுந்தது. ஓரமெல்லாம் தெரியும்; எதைப் பார்க்கிறாளோ அதுமட்டும் தெரியாது. ஆளைப் பார்த்தால் தோள் தெரியும், காது தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் புகை. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒரு நாள் பழைய வாடிக்கையாளரான தையல்காரர் ஒரு கறுப்புக் கோட்டோடு வந்தார். தையல் முழுக்கக் கருநீல நூல்.

"உங்க கை எடுத்துக் குடுத்ததாச்சேன்னு நானும் சரிபார்க்கலம்மா," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்பாள் சித்தி. முதலாளி அவளைப் பொட்டலம் கட்டும் மேசைக்கு மாற்றினார். மறுவாரம் அவளே வேலையை விட்டுவிட்டாள்.

அந்த வருடம் நான் அவர்கள் வீட்டில் தங்கி மாலை ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பகலில் நடந்ததெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. சித்தப்பா லிப்ட் மெக்கானிக். ஓய்வுபெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லாத வீடு. மனிதரின் மொத்த அக்கறையும் சித்தியின் மேல் இறங்கியது. தண்ணீர் ஊற்றித் தருவார். செருப்பைக் காலருகே கொண்டுவந்து வைப்பார். யாராவது அவளிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "நல்லா இருக்கா" என்று அவரே பதில் சொல்வார். அடுப்புப் பக்கம் அவளை அண்டவே விடவில்லை. தெருவில் சிரித்தவர்களைச் சித்தி கவனிக்காமல் தாண்டிப் போனாள் என்று, "வேலைய விட்டதும் தலைக்கனம் ஏறிடுச்சு" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது காதில் விழுந்த பிறகு அவள் வாசலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

கண் டாக்டர் கடைசியாக ஒரு சீட்டில் தொலைபேசி எண் எழுதிக் கொடுத்தார். "போன பார்வைய திருப்பித் தர மருந்து இல்லம்மா. இருக்கிற பார்வைய வச்சு எல்லாத்தையும் செய்யப் பழக்கிவிடுற மையம் ஒண்ணு இருக்கு. அந்த மையம் ரொம்ப தூரம். நீங்க போகவேண்டாம், போன்லயே வருவாங்க."

"போன்ல கண் வைத்தியமா? நல்லா காது குத்துறாங்க," என்றார் சித்தப்பா.

முதலில் மையத்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, தடித்த கறுப்புப் பேனா, விரலுக்குத் தட்டுப்படும் புடைத்த ஒட்டுப் புள்ளிகள் ஒரு தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது. கரகரத்த குரலில் பேசிய அந்தப் பெண்மணிக்குச் சித்தியின் வயதுதான் இருக்கும். எங்கள் வீட்டில் அவருக்குப் 'போன் டீச்சர்' என்று பெயர். போனைப் பிடிக்கும் முக்காலி நான்.

"அம்மா, காலையில எழுந்ததும் என்னென்ன செய்வீங்க?"

"அவளால என்னங்க செய்யமுடியும்? எல்லாம் நான்தான்," என்றார் சித்தப்பா.

"அம்மாவக் கேட்டேன் சார்."

"அதத்தான் நான் சொல்றேனே."

"சார், நீங்க கொஞ்சம் வெளிய போய் காத்து வாங்கிட்டு வர்றீங்களா?"

சித்தப்பா போனார். போய் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். அடுப்புத் திருகில் புள்ளி ஒட்டச் சித்தி இடம் தடவிக்கொண்டிருந்தபோது, "இடது பக்கம்... இன்னும் இடது" என்று ஜன்னல் பேசியது.

"சார், அந்த ஜன்னலையும் சாத்திடுங்க," என்றார் டீச்சர்.

சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. கோப்பை நிரம்புவதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது, கத்தியை எப்போதும் ஒரே இடத்தில் வைப்பது, டப்பாக்களின் மேல் தடித்த பேனாவால் எழுதுவது. சித்தி இரண்டு கோப்பைகளை உடைத்தாள். "ரெண்டுதானா? பரவாயில்லையே," என்றார் டீச்சர்.

மூன்றாவது வாரம் அவர் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார். "எதிர்ல ஒருத்தர உக்கார வைங்க. அவர் முகத்த ஒரு சுவர்க் கடிகாரம்னு நெனச்சுக்கோங்க. நேரா பாத்தா புகைதான் வரும். அதனால பன்னெண்டு இருக்கிற இடத்தப் பாருங்க. அப்புறம் ஒண்ணு, ரெண்டுன்னு நகருங்க. எங்க பாக்கும்போது முகம் தெளியுதுன்னு சொல்லுங்க."

சித்தப்பாவைத்தான் உட்கார வைத்தோம். போட்டோ எடுக்கப் போவதுபோல விறைப்பாக உட்கார்ந்தார். பன்னிரண்டைப் பார்த்தபோது மோவாய் மட்டும் தெரிந்தது. ஒன்றில் வாயின் ஒரு பாதி. இரண்டு மணி இருக்கும் இடத்தை, அதாவது அவருடைய காதுக்கு மேலே வெறும் சுவரைப் பார்த்தபடி, சித்தி அப்படியே நிலைத்துப் போனாள்.

"என்னங்க, மீசை எப்ப இவ்வளவு நரைச்சுது?"

சித்தப்பா மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கல்யாணமான புதுசுலகூட நீ என்னை ஓரக்கண்ணால பாத்ததில்ல. இந்த வயசுல வந்து பாக்குற," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, குரல் உடைந்துவிட்டது. பிறகு டீச்சர், "சார், இன்னிக்கு நீங்க வெளிய போகவேண்டாம்," என்றார்.

அதற்கப்புறம் சித்தி தெருவுக்கு வந்தாள். பக்கத்து வீட்டம்மாவின் காதுக்கு மேலே பார்த்து, "உங்களப் பாக்கத்தான் அங்க பாக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். தலைக்கனப் பேச்சு அன்றோடு அடங்கியது.

பத்தாவது வாரம் டீச்சர் கேட்டார். "தனியா ஒரு இடத்துக்குப் போகணும். எங்க போக ஆசை?"

"கடைக்கு," என்றாள் சித்தி.

போனைக் கழுத்துப் பட்டையில் மாட்டி, கேமராவை முன்னால் பார்க்க வைத்தோம். காதில் டீச்சரின் குரல். இருபது அடி பின்னால் வாயைத் திறக்காமல் வரவேண்டும் என்பது எனக்குப் போட்ட நிபந்தனை. சித்தப்பா வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பது அவருக்குப் போட்ட நிபந்தனை.

மருந்துக்கடை தாண்டி சிக்னலில் சித்தி நின்றாள். அங்கேதான் படம் உறைந்துபோனது. அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியல. உங்க குரல் மட்டும் கேக்குது. இப்ப நீங்கதான் எனக்குச் சொல்லணும்," என்றாராம் டீச்சர்.

சித்தி சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தாள். "வண்டியெல்லாம் நின்னுடுச்சு டீச்சர். பக்கத்துல ரெண்டு பேர் இறங்கிட்டாங்க. தரையில வெள்ளைக் கோடு தெரியுது. நானும் இறங்குறேன்." எதிர்ப்பக்கம் ஏறிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. செருப்புக்கடையின் உடைந்த படி, ரொட்டிக்கடைச் சூடு, தண்ணீர் தேங்கும் பள்ளம் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனாள். வழியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாயைத்தானே திறக்கக்கூடாது என்றார்கள்.

முதலாளி அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார். சித்தி சுற்றி வளைக்கவில்லை. "நூல் பக்கம் நான் வரல சார். பட்டன் பக்கம் விடுங்க. ஓட்டை எத்தனை, விளிம்பு எப்படின்னு கை சொல்லும். கலர் மட்டும் பக்கத்துல நிக்கிற பொண்ணக் கேட்டுக்கறேன்."

அவர் யோசித்தார். பிறகு மூன்று பட்டன்களை அவள் உள்ளங்கையில் போட்டார்.

"இது கோட்டு பட்டன், நாலு ஓட்டை. இது சட்டைக் காலருக்கு. இது ஓரம் உடைஞ்சிருக்கு சார், யாருக்கும் குடுத்துடாதீங்க."

"திங்கக்கிழமை வந்துடுங்க," என்றார் முதலாளி. இன்னும் ஆறு வருடம் அங்கே வேலை பார்த்தாள்.

கடைசி வகுப்பில் டீச்சர் ஒரு படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேள்விகள் கேட்டார். "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று முடித்தார்.

"உங்க தொண்டைய ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றாள் சித்தி.

நாங்கள் அவரை நேரில் பார்த்ததே இல்லை. அந்தச் சின்னத் திரையில் அவர் முகம் சித்திக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எப்படி இருப்பார் என்று என்னைத்தான் கேட்பாள். நான் சொன்னால் நம்பமாட்டாள். "அந்தக் குரலுக்கு இந்த மூக்கு பொருந்தலையே," என்பாள்.

பல வருடங்களுக்குப் பிறகு சித்தப்பாவின் இதயம் பலவீனமானது. எட்டு மாதம் படுக்கை. மாத்திரையெல்லாம் சித்தியின் பொறுப்பு. காலைப் பெட்டிக்கு ஒரு ரப்பர் பேண்டு, மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று. பார்க்கப் போன நான் உதவிக்கு எழுந்தபோது சித்தப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீ குறுக்க போகாத, அவளுக்கு வரிசை கலைஞ்சிடும்," என்றார். பிறகு மெதுவாக, "எனக்கப்புறம் இவ என்ன பண்ணுவாளோன்னு ஒரு காலத்துல ராத்திரி தூக்கமே வராது. இப்ப அந்த பயம் இல்ல," என்றார்.

அடுத்த மாதம் அவர் போய்விட்டார். வந்தவர்களெல்லாம் கிளம்பிய பிறகு நான் மட்டும் இரண்டு நாள் தங்கினேன். காலையில் எழுந்து சமையலறைக்குப் போனபோது சித்தி கெட்டிலைச் சாய்த்து, கோப்பை நிரம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எத்தனை கரண்டி சர்க்கரைன்னு மறந்துட்டேன்," என்றாள். "நீயே போட்டுக்கோ."