கிள்ளானில் சாத்திய கதவு

வியாழக்கிழமை, பிற்பகல்

கோலாலம்பூர் ரயில் நிலையத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் அதை ஏதோ சுல்தானின் அரண்மனை என்றுதான் நினைப்பார்கள். வெள்ளை வெளேரென்ற குவிமாடங்களும் வளைவுகளுமாக நிற்கும் அந்தக் கட்டடத்துக்குள் புகைவண்டி வந்து நிற்கும் என்று நம்புவது கடினம். அங்கே பிரிக்பீல்ட்ஸ் சபையார் எங்களை வழியனுப்பக் கூடியிருந்தார்கள். பெரும்பாலோர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள். நிலையத்துக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறார்கள். நான்கு நாட்களாக அவர்களிடையே எழுப்புதல் கூட்டங்கள் நடந்தன. பிரசங்கம் செய்தவர் ஞானமுத்து ஐயா. அவரோடு ஊர் ஊராகப் போய், கீர்த்தனைகளுக்கு ஆர்மோனியம் வாசிப்பது என் வேலை. நாங்கள் இருவரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வந்தவர்கள்.

மனந்திரும்புதலைப் பற்றி ஐயா பேசினால் கல்லும் அழும். பிரிக்பீல்ட்ஸில் பத்து வருஷம் பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும் கூட்டத்தின் நடுவே கட்டிக்கொண்டு அழுததைக் கண்ணால் பார்த்தேன்.

கிள்ளான் இருபது மைலுக்குச் சற்று அதிகம். மூன்றாம் வகுப்பில் எங்கள் எதிரே ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். தண்டவாளம் பழுது பார்க்கிறவர். பெட்டாலிங் தாண்டியதும் வண்டியின் இரு பக்கமும் ரப்பர்ப் பால்மரங்கள் வரிசை வரிசையாக ஓடத் தொடங்கின. மரத்தடி இருட்டு, மேலே மட்டும் வெயில்.

"கிள்ளான் கோயிலுக்கா போறீங்க?" என்று கேட்டார் அவர். "நானும் அந்தச் சபைதான் ஐயா. இப்பப் போறதில்ல. தோட்டத்து ஜனங்கள வராந்தாவுலதான் உக்கார வைக்கிறாங்க. எங்க ஜனங்க அவங்க. எனக்கு மட்டும் உள்ள எடம் குடுத்தா நான் எப்படிப் போய் உக்கார்றது?"

ஐயா தலையை மட்டும் ஆட்டினார். அந்த மனிதர் பத்து திகா என்ற நிலையத்தில் இறங்கிக்கொண்டார்.

கிள்ளான் நிலையத்தில் எங்களை எதிர்கொண்டவர்கள் இருவர். ஒருவர் ஜேக்கப் கிராணியார். ஆற்றுக்கு வடக்கே, காப்பார் சாலையில் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தலைமைக் கணக்கர். சபைக் காரியமெல்லாம் அவர் கையில்தான். குருவானவர் மாதம் ஒருமுறை வந்து போவார். மற்ற நாட்களில் கோயில் சாவி கிராணியாரிடம் இருக்கும். இன்னொருவர் டிரெஸர் தங்கையா. தோட்டம் தோட்டமாகப் போய் ஆட்களுக்கு மருந்து கொடுக்கிறவர். நாங்கள் தங்கியது அவர் வீட்டில்.

காப்பி குடிக்கும்போதே கிராணியார் விஷயத்துக்கு வந்துவிட்டார். "தோட்டத்து ஆளுங்க வெளிய உக்காருவாங்க. அது இங்க வழக்கம். நீங்க அதக் கண்டுக்க வேண்டாம். உள்ள இருக்கிறவங்களுக்குப் பேசுங்க, அவங்க காதுலயும் விழும்."

ஐயா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "உங்க சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும்" என்றார்.

வியாழக்கிழமை, மாலை

கோயில் சிறியது. பலகைச் சுவர், தகரக் கூரை, மூன்று பக்கமும் குறுகலான வராந்தா. உள்ளே குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட ஆசிரியர்களும் அவர்கள் குடும்பங்களுமாக நிறைந்திருந்தார்கள். தோட்டத்து ஜனங்கள் விடியற்காலையிலிருந்து பால் வெட்டிவிட்டு ஏழு மைல் நடந்து வந்தவர்கள். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தார்கள்.

ஐயா பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. மலாய் நாட்டு மழை நம் ஊர் மழை போலத் தூறிப் பார்த்துவிட்டுப் பெய்வதில்லை. தகரக் கூரையில் கல்லைக் கொட்டியது போல இறங்கியது. காற்று சாய்த்து அடித்தது. வராந்தாவில் இருந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஐயா குரலை உயர்த்தினார். உள்ளே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டடிக்கு மேல் வரவில்லை. சாரல் படாத இடத்தில் நின்றாள், அவ்வளவுதான். கிராணியார் எழுந்து வெளியே கையைக் காட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. மேடையில் நின்ற ஐயாவைப் பார்த்தாள்.

ஐயாவின் பேச்சு நின்றுவிட்டது. ஏதாவது சொல்வார் என்று நானும் எதிர்பார்த்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். மூடியபடியே என் பக்கம் கையசைத்து, "பாட்டு" என்றார்.

என் விரல்கள் தாமாகவே கட்டைகளில் விழுந்தன. சபையார் பாடினார்கள். பாட்டின் நடுவே அந்தப் பெண் திரும்பி வெளியே போனாள். கதவு சாத்தப்பட்டது. நான் தலை நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் எழுந்து, கொட்டுகிற மழையில் சாலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் பலர் வந்து ஐயாவின் கையைப் பிடித்து, இப்படியொரு எழுப்புதலைக் கண்டதில்லை என்றார்கள். அவர் டிரெஸர் வீட்டில் ஒரு பிடி சோறுகூடச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை

"தோட்டத்துக்குப் போறேன், தம்பி. நீ வர வேண்டியதில்ல" என்றார் ஐயா.

எனக்குப் பயமாக இருந்தது. தோட்டங்களுக்குள் வெளியாட்கள் துரையின் அனுமதியில்லாமல் போக முடியாது. போனால் போலீஸ் வரும். அந்த அனுமதியைக் கேட்டு வாங்க வேண்டியவரே கிராணியார்தான். டிரெஸரும், "வேண்டாம் ஐயா, காரியம் பெருசாயிரும்" என்று வாசல்வரை வந்து தடுத்தார். ஆனாலும் ஐயாவைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை.

பாலத்தடியில் மோட்டார் பஸ் கிடைத்தது. ஆளுக்கு இருபது காசு. கிள்ளான் ஆறு சேறும் மரக்கட்டைகளுமாகக் கலங்கி ஓடியது. ஓட்டுநர் மலாய்க்காரர், தோட்ட வாசலில் நிறுத்தச் சொன்னதும் எங்கள் வெள்ளை வேட்டிகளைப் பார்த்து, "சூராட் ஆடா?" என்றார். அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எங்களை இறக்கிவிட்டுப் போனார்.

வாசலில் பஞ்சாபிக் காவல்காரர் தடியோடு நின்றார். தமிழ் நன்றாகவே வந்தது அவருக்கு. "கிராணி சொல்லாம உள்ள போக முடியாது. சாலையில நில்லுங்க. சாலை எங்களோடது இல்ல."

நின்றோம். வெயில் ஏற ஏறத் தார் கொதித்தது. உச்சி வேளையில் பால் வெட்டியவர்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு, வாசலை ஒட்டிய பால் கொட்டகைக்கு வரத் தொடங்கினார்கள். எங்களைக் கண்டதும் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியாக நேற்றைய பெண் வந்தாள். அவள் பெயர் சந்தோஷம் என்று பிறகு அறிந்தோம். அவளோடு அவள் கணவன் ஈசாக்கும் வந்தான்.

ஐயா கைகூப்பினார். அவள் பதறிப்போனாள்.

"ஐயா, இங்க வந்து நிக்காதீங்க. கிராணி பாத்தா என் வீட்டுக்காரருக்குப் பேரு விழாது." பேர் விழாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை என்று அர்த்தம்.

"உங்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேம்மா."

"எதுக்கு?"

"நேத்து நான் கண்ண மூடினேன்ல..."

"ஜெபம் பண்றீங்கன்னு நெனச்சேன்."

"ஜெபம் பண்ணல. ஒன்னப் பாக்காம இருக்கத்தான் மூடினேன்."

சந்தோஷம் வாளியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை. "எம்புள்ளைக்கு ராத்திரி முழுக்க அனலாக் கொதிக்குது. லயத்து வீட்டுல போட்டுட்டு வேலைக்கு வந்திருக்கேன். நீங்க அத்தன பேரு முன்னால வாய் திறக்கல. இங்க வந்து மரத்துக்கு நடுவுல மன்னிச்சிருன்னு சொல்றீங்க. இது யாரு காதுல விழும்?"

ஐயா பதில் சொல்வதற்குள் சைக்கிள் மணி கேட்டது. கிராணியார் வந்து இறங்கினார். அவரைக் கண்டதும் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். ஈசாக்கு மட்டும் நகரவில்லை.

"உங்களக் கூப்பிட்டது நான்" என்றார் கிராணியார். "வீடு குடுத்தோம், மரியாதை குடுத்தோம். நீங்க என் ஆளுங்ககிட்ட வந்து எனக்கு எதிராப் பேசுறீங்க. சிரம்பானுக்கும் ஈப்போவுக்கும் நான் ஒரு வரி எழுதினாப் போதும், ஒரு சபையிலயும் உங்களுக்கு மேடை கெடைக்காது. தெரியுமில்ல?"

"எழுதுங்க, கிராணியாரே. நடந்தத நடந்தபடியே எழுதுங்க. இன்னைக்குச் சாயங்காலம் நான் அதத்தான் பேசப் போறேன்."

"கோயில் சாவி எங்கிட்ட இருக்கு" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை, மாலை

சொன்னபடியே செய்துவிட்டார். கோயில் பூட்டிக் கிடந்தது. கூட்டத்துக்கு வந்த ஊர் ஜனங்கள் முற்றத்தில் கூடி என்ன சங்கதி என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிராணியார் சாலையோரத்தில், ரிக்‌ஷாவை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். தோட்டத்திலிருந்து யாரும் வரவில்லை. எல்லாருக்கும் பின்னால், வேலிக்கு வெளியே, ஈசாக்கு மட்டும் தனியாக நிற்பதைச் சிறிது நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

ஐயா வராந்தாவில் ஏறி நின்றார். இத்தனை வருஷத்தில் அவருக்கு நாக்குக் குழறி நான் பார்த்ததில்லை. அன்று குழறியது.

"நேத்து மனந்திரும்புங்கன்னு உங்களுக்குச் சொன்னேன். நான் திரும்பல. மழையில நனஞ்ச பிள்ளையோட ஒரு தாய் இந்தப் படியேறி வந்தா. 'வாம்மா, உக்காரு'ன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும். அடுத்த ஊர்க் கூட்டம் போயிருமேன்னு சொல்லாம இருந்துட்டேன். அந்தப் பிள்ளை இப்பக் காய்ச்சலாக் கெடக்கு. இதக் கர்த்தர்கிட்ட ராத்திரியே சொல்லிட்டேன். உங்ககிட்ட இப்பச் சொல்றேன். வராந்தாவுல ஆள உக்கார வச்சுட்டு உள்ள நடக்குற கூட்டத்துல இனிமே நான் பேச மாட்டேன்."

"ஐயா, போதும்!" என்று ஒருவர் கத்தினார். "சபைய உடைக்கவா கப்பலேறி வந்தீங்க?" கூட்டத்தில் பாதிப் பேர் குடும்பத்தோடு கிளம்பினார்கள். ஒருவர் போகிற போக்கில் என் ஆர்மோனியப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டுப் போனார். யாராவது ஐயாவை அடித்துவிடுவார்களோ என்று நான் அவரருகே போய் நின்றேன்.

அப்போதுதான் டிரெஸர் தங்கையா முன்னால் வந்தார். எப்போதும் தணிந்தே பேசுகிறவர்.

"கிராணியார் கையத்தான் காட்டினாரு" என்றார். "கதவச் சாத்தினது நான். கதவுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்தப் பிள்ளை நடுங்கினதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் சாத்தினேன். காய்ச்சலுக்கு மருந்து குடுக்கிறது எந்தொழில்."

வேகமாக வீட்டுக்குப் போய் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். கிராணியாரின் ரிக்‌ஷாவைத் தாண்டி, வேலியோரம் நின்ற ஈசாக்கிடம் போனார். "வா, போகலாம்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. டிரெஸரைக் காவல்காரர் எந்த நேரத்திலும் தடுக்க முடியாது. இருவரும் பாலத்தை நோக்கி நடந்தார்கள்.

கிராணியார் சாவிக்கொத்தைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் மனம் மாறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ரிக்‌ஷாவைத் திருப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை, காலை

சிரம்பான் சபையிலிருந்து விடியற்காலையிலேயே தந்தி வந்துவிட்டது. வர வேண்டாம் என்று. கிராணியாரும் கடிதம் எழுதாமல் தந்தியே அடித்திருக்க வேண்டும். கோலாலம்பூருக்குத் திரும்ப ரயிலடிக்கு வந்தோம். வழியனுப்ப ஒருவரும் இல்லை. டிரெஸர் இன்னும் வீடு திரும்பவில்லை. அவர் மனைவி இட்லி கட்டிக் கொடுத்திருந்தார்.

வண்டி கிளம்பும் நேரத்தில் ஈசாக்கு ஓடி வந்தான். வேலை நாள், அவனுக்கு அன்று பேர் விழாது. மூச்சு வாங்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"புள்ளைக்குக் காய்ச்சல் எறங்கிருச்சு ஐயா. டிரெஸரய்யா பக்கத்துலயே இருக்காரு. கஞ்சி குடிச்சான். உங்ககிட்டச் சொல்லிட்டு வரச் சொன்னா."

"வேற ஏதாவது சொன்னாளா?"

"வேற ஒண்ணும் சொல்லல ஐயா."

வண்டி நகர்ந்தது. ஐயா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்து திகா வரை அழுதுகொண்டே வந்தார். அவர் பேச்சைக் கேட்டு எத்தனையோ பேர் அழுததைப் பார்த்திருக்கிறேன். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

ஊர் திரும்பி

மலாய் நாட்டுக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். மழையைப் பற்றியும் பால்மரங்களைப் பற்றியும் சொல்கிறேன். கிள்ளான் கோயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், "அங்கே அப்படியா?" என்று ஆச்சரியப்படுகிறார்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் பருகும் திருவிருந்துக்கு நாங்கள் எல்லாரும் போய்வந்த பிறகுதான் கீழத்தெருக்காரர்கள் எழுந்து வருவார்கள். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே ஆர்மோனியம் வாசித்திருக்கிறேன்.

ஊருக்கு வந்த முதல் திருவிருந்து ஞாயிறன்று என் முறை வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. என் அம்மா திரும்பிப் பார்த்தார். அண்ணன் கண்ணால் ஜாடை காட்டினான். கீழத்தெருக்காரர்கள் எழுந்த பிறகு ஆர்மோனியத்தை மூடிவிட்டுப் போய், அவர்களுக்குப் பின்னால் கடைசி ஆளாக நின்றேன்.

எனக்கு முன்னால் நின்ற கிழவர் பாத்திரத்தில் குடித்துவிட்டு நகர்ந்தார். குருவானவரான எங்கள் ஐயர் வழக்கம்போலப் பாத்திரத்தின் விளிம்பை ஒருமுறை துடைத்தார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, அவசரமாக மறுபடியும் துடைக்கத் துணியை எடுத்தார்.

"வேண்டாம் ஐயரே, அப்படியே குடுங்க" என்றேன்.