உச்சி லயத்து டயர்கள்

தெல்தோட்டைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியிலுள்ள தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில், சித்திரை மழை விட்ட இரண்டு கிழமைக்குள் ஐந்து பேருக்கு டெங்கு கண்டது. சுகாதாரக் காரியாலயத்தில் யாரும் பதறவில்லை. சுவரில் தொங்கிய டெங்கு வரைபடத்தில் கண்டி நகரமும் கம்பளையும் ஆற்றோரப் பள்ளங்களும் சிவந்து கிடந்தன. மலை உச்சி மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

"அங்க குளிர் ஈக்கிதானே, நுளம்பு பெருகாது. கொழும்புல வேல செய்ற புள்ளைகள் லீவுக்கு வரக்கொள்ள கொண்டு வாற காய்ச்சல்தான் அது," என்றார் பரிசோதகர் நபீல்.

தர்ஷிகாவுக்கு அது சரியாகப் படவில்லை. ஆறு வருடம் பல்லேகலவில் ஆடைத் தொழிற்சாலையில் தைத்துவிட்டு, டெங்கு கள உதவியாளராகச் சேர்ந்தவள் அவள். வீடு வீடாகப் போய், தேங்கிய தண்ணீரில் நெளியும் நுளம்புப் புழுவான குடம்பியைத் தேடுவது வேலை. அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள்.

"சேர், அஞ்சு பேர்ல ஒருத்தர் மூணு வருசமா படுத்த படுக்கையா கெடக்கிறாரு. அவரு எந்த பஸ்ல கொழும்புக்குப் போனாரு?"

நபீல் வரைபடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சரி தங்கச்சி, போய்ப் பாருங்க. குடம்பி ஈந்தா எடுத்துக்கிட்டு வாங்க."

நான்கு நாள் தேடினாள். தண்ணீர்ப் பீப்பாய், பூச்சட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கோயிலடித் தொட்டி என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாம் சுத்தம். கொழுந்து பறிக்கும் பாலம்மா வாசலில் வழிமறித்தாள். ஐந்து பேரில் ஒருத்தியான அவளுடைய ஏழு வயது மகள் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்து அன்றுதான் திரும்பியிருந்தாள்.

"தெனம் வாறீங்க, சட்டிய கவுத்துப் பாக்குறீங்க. என்னத்த கண்டீங்க?"

தர்ஷிகா விலகி நடந்தாள். முகம் சுண்டிப்போய், பஸ் பாதைக்குப் போகும் குறுக்கு வழியில் மலையேறினாள். மேட்டில் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தபோது, கீழே லயத்துக் கூரைகளின் மேல் வட்டம் வட்டமாக வெயில் மின்னியது.

டயர்கள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதால் அவள் கணக்கில் எடுக்காதவை. காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க ஒவ்வொரு கூரையிலும் நாலைந்து பழைய டயர்களை ஏற்றியிருந்தார்கள். அத்தனையிலும் மழைத் தண்ணீர். ஓடி இறங்கி, ஏணி வாங்கி ஏறினாள். முதல் டயரிலேயே குடம்பிகள் துள்ளின.

மறுநாள் காலை குடம்பிகள் நீந்தும் போத்தலை நபீலின் மேசையில் வைத்தாள். அவர் உருப்பெருக்கியால் நெடுநேரம் பார்த்தார். "டெங்கு நுளம்புதான். முந்தி இந்த உயரத்துல காணக் கிடைக்காது. இப்ப அங்கயும் சூடு கூடிட்டுது. நான்தான் பிழையா நினைச்சிட்டன் தங்கச்சி." அன்றே அவளோடு மலைக்கு வந்தார்.

ஆனால் டயரை இறக்க லயத்தார் சம்மதிக்கவில்லை. "இன்னும் பத்து நாள்ல காத்து வந்துரும். கூர பறந்தா நீங்களா வந்து புடிப்பீங்க?" என்று பாலம்மா கேட்டாள். கேள்வியில் நியாயம் இருந்தது.

தர்ஷிகா தோட்டத்து ஸ்டோருக்குப் போய் வெறும் உரப் பைகளைக் கேட்டு வாங்கினாள். மண் நிரப்பி, வாயை இறுக்கித் தைத்து, முதலில் பாலம்மாவின் கூரையிலேயே டயருக்குப் பதிலாக வைத்தாள். தொழிற்சாலைத் தையல் அது. ஒரு நூல் பிரியவில்லை. இரண்டு நாள் பார்த்த பாலம்மா மூன்றாம் நாள் தானே ஊசியோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கூடிக் கைகொடுக்கும் சிரமதானத்தில் லயமே திரண்டது. இருநூற்றுப் பன்னிரண்டு டயர்கள் கீழே இறங்கின. நபீல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மண் அள்ளினார்.

வைகாசிக் காற்று அடித்து ஓய்ந்தது. ஒரு தகரம்கூட அசையவில்லை. அந்தப் பருவம் முழுக்க உச்சி லயத்தில் புதிதாக ஒருவருக்கும் டெங்கு வரவில்லை. கீழே நகரத்தில் வார்டுகள் நிரம்பி வழிந்த பருவம் அது.

கண்டியில் நடந்த டெங்குத் தடுப்புக் கூட்டத்துக்கு அவளை அழைத்தார்கள். வைத்தியர்கள் நிறைந்த மண்டபம். தர்ஷிகா எழுந்து நின்றாள். "இந்த நுளம்பு எவ்வளவு உயரம் வரைக்கும் ஏறும்?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்க லயம் வரைக்கும் ஏறிருச்சு சேர். அதுக்கும் மேல உள்ள தோட்டங்கள்லயும் லயம் இருக்கு. அங்க இன்னும் யாரும் கூரைல ஏறிப் பாக்கல."

மண்டபம் கைதட்டியது. அடுத்த மாதமே ஒன்பது தோட்டங்களுக்குத் தேடல் குழுக்கள் புறப்பட்டன. முன்னால் நடந்தவள் தர்ஷிகா.