வெள்ளைப்புள்ளி வந்த வழி

என் மனைவிக்கு மூக்கின் நுனியில் கோபம். அதை நான் குறை சொல்ல மாட்டேன், அவள் தொழில் அப்படி. வீடு வீடாகப் போய், கண்ணாடித் தொட்டியில் சாகக் கிடக்கும் மீன்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள். எல்லோரும் அவளை மீன் டாக்டர் என்கிறார்கள். பட்டம் எதுவும் கிடையாது. ஒரு வண்ண மீன் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். என்ன நோய் என்றே பார்க்காமல், வருகிறவர்கள் தலையில் மூன்று பாட்டில் மருந்தைக் கட்டச் சொன்னார் முதலாளி. "அதுல ஒண்ண நீங்க குடிச்சுக் காட்டுங்க, அப்புறம் விக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள் அந்தத் தெருப் பக்கமே மறுபடி போகவில்லை.

தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் பத்து நிமிஷம் வாயைத் திறக்க மாட்டாள். செவுள் எத்தனை வேகமாக அடிக்கிறது, துடுப்பை விரித்திருக்கிறதா ஒடுக்கியிருக்கிறதா, கல்லில் போய் உடம்பைத் தேய்க்கிறதா என்று பார்ப்பாள். பிறகு தண்ணீரைச் சோதிப்பாள். அதற்குப் பிறகுதான் விசாரணை. மீனுக்கு நோய் தானாக வராது, வீட்டில் யாரோ பார்த்த வேலை என்பது அவள் கட்சி. வடிகட்டியின் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசியது யார், பாசம் பொங்கி ஒன்பது வேளை தீனி போட்டது யார் என்று குடைந்து எடுப்பாள். போலீஸ் தோற்றுவிடும். மற்ற நாட்களில் எனக்கு லாரிப் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இவளுக்கு எடுபிடி.

அந்த ஞாயிறு போன வீட்டில் ஒரு சர்வேயரும் அவர் மனைவியும் மட்டும். முன்னறையில் நாலடித் தொட்டி, அதில் ஆறு ஏஞ்சல் மீன்கள். பொட்டுப் பொட்டாக வாங்கி அந்த அம்மா உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்தவை. மாதம் ஒருமுறை தொட்டியைச் சுத்தம் செய்வது நாங்கள்தான். இரண்டு ஞாயிறு முன்புதான் வந்து போயிருந்தோம். இப்போது ஆறின் உடம்பிலும் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப்புள்ளி. ஒன்று மூலையில் சாய்ந்து கிடந்தது.

"புது மீன் எப்ப விட்டீங்க?" என்றாள் என் மனைவி.

"விடலீங்க" என்றார் அந்த அம்மா.

"செடி ஏதாவது?"

"எதுவுமே வாங்கலீங்க."

"இந்தப் புள்ளி ஒரு பூச்சி. வெளியிலேருந்து ஈரமா ஏதாவது உள்ள போனாத்தான் வரும். வானத்துலேருந்து குதிக்காது. மறைக்காம சொல்லுங்க."

சர்வேயருக்கு அது போதும். "நாலு நாளா நானும் இதத்தான் கேக்குறேன். வாயத் தொறந்தா பொய். எதையோ வாங்கிட்டு வந்து விட்டிருக்கா, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு!" என்று எங்கள் முன்னாலேயே கத்தினார். "இனிமே இந்த வீட்டுல தொட்டியே கெடையாது. நாளைக்கே தூக்கி யாருக்காவது குடுத்துடுறேன்."

"சத்தியமா இல்லீங்க" என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல, என் மனைவி அந்த ஆள் சொன்னதுதான் சரி என்பதுபோல் தலையாட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்வேயர் மேல், இவள் மேல், எல்லோரையும்விட என் மேல். ஏனென்றால் எனக்கு விஷயம் தெரியும். ஒரு வீட்டில் நனைந்த வலையை வெயிலில் சருகாகக் காயப்போட்ட பிறகுதான் அடுத்த வீட்டுக்கு எடுக்க வேண்டும். அவள் போட்ட சட்டம். இரண்டு ஞாயிறு முன்பு காலையில் வேறொரு வீட்டில் புள்ளி வந்த மீன்களைப் பிடித்து மாற்றிவிட்டு நேரே இங்கே வந்தோம். ஒரே மழை. வலை சொட்டிக்கொண்டிருந்தது. "காயலையே" என்றேன். "ஒரு நாள்தானே, விடுங்க" என்று அதே வலையால் இந்தத் தொட்டியில் உதிர்ந்த இலைகளை அள்ளினாள்.

இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லாரி எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவன், பெண்டாட்டியின் ஒரு முறைப்புக்குப் பயந்து பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு.

தொட்டியின் சூட்டை மெல்ல மெல்ல முப்பது டிகிரிக்கு ஏற்ற வேண்டும், காற்றுக் குழாய் நிற்கக் கூடாது, புள்ளி உதிர்ந்துவிட்டதே என்று மருந்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டே, சாய்ந்து கிடந்த மீனைத் தூக்கிப் பார்க்க வலைக்காகக் கை நீட்டினாள். கொடுத்தேன். வலையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஈரமா இருந்தது இதுதானே?"

"இதுதான்."

"தெரிஞ்சுமா மரம் மாதிரி நின்னீங்க?"

எழுந்தாள். பதினைந்து வருஷக் குடித்தனத்தில், தப்பு தன் மேல் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அதையும் சண்டைக்குப் போகிறவள் மாதிரிதான் சொன்னாள்.

"சார், கத்துறத நிறுத்துங்க. அவங்க எதுவும் விடல. சீக்குப் புடிச்ச தொட்டியிலேருந்து ஈர வலைய நான்தான் இதுல விட்டேன். தப்பு என் மேல. ஆறும் தேறுற வரைக்கும் தினம் வந்து பாப்பேன்."

சர்வேயரின் குரல் உடனே இறங்கியது. "அப்படியாம்மா? அட, விடுங்க. யாருக்கும் நடக்கறதுதான். தொட்டி இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரிக்க வேறு சிரித்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. அதுவரை குனிந்திருந்தவர் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"நீங்க ஒரே ஒரு தடவ சொன்னீங்க, நம்பிட்டாரு. நான் நாலு நாளா சொல்றேன். நீங்களும்தான் நம்பல."