சந்தனம் ஒட்டிய சக்கரம்

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ரீப்ளே மெஷின் செய்வார்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சற்று முன் நடந்ததைப் பின்னுக்கு இழுத்து மெதுவாகக் காட்டும் பெட்டி. மேலே இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் படம் முன்னே பின்னே போகும். திருப்புவது என் வேலை. அதைச் சொல்லவே இப்போது குமட்டுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கபடிப் போட்டிக்குப் புது மெஷின் ஒன்றைக் கொண்டுபோனோம். அதை வாங்குகிற யோசனையில் வெளியூர்க்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். எங்கள் கம்பெனியில் பொட்டு வைக்காமல் எந்த மெஷினையும் ஓட்டமாட்டார்கள். முதலாளி பெட்டியின் நாலு பக்கமும் வைத்தார். அது போதாதென்று சக்கரத்தின் மேலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினார்.

"உள்ள எறங்கிரும் அண்ணாச்சி" என்றேன்.

"ஏலே, சாமி காரியத்துல குறுக்க பேசாத."

ஆட்டத்தில் வன்னியம்பட்டி அணிக்காரர் ஒருவர் பாடிப் போனார். எதிரணியினர் மேலே விழுந்து அமுக்கியதில் அவருடைய முழங்கால் போகக்கூடாத பக்கம் போய்விட்டது. "போடு, போடு" என்று முதலாளி காதில் கத்தினார். போட்டேன். கால் மடங்கும் இடம் வந்ததும், சந்தனம் காய்ந்த சக்கரம் இறுகிக்கொண்டது. மைதானத்துப் பெரிய திரையில் அந்தக் கால் அப்படியே நின்றது. கூட்டத்தில் அவருடைய அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அதையே பார்த்தார். வயரைப் பிடுங்கப் போனேன். முதலாளி என் கையைப் பிடித்தார்.

"இருலே. படம் எம்புட்டுத் தெளிவா நிக்குன்னு அவிய பாக்கட்டும்."

வெளியூர்க்காரர்கள் ஆகா என்று தலையாட்டினார்கள். ஒருத்தர் கைகூடத் தட்டினார். மனுஷ ஜென்மங்களா இவை? கையை உதறிவிட்டு வயரைப் பிடுங்கினேன்.

அதற்குப் பிறகு அந்தப் படமே கம்பெனியின் விளம்பரமாகிவிட்டது. மெஷின் பார்க்க யார் வந்தாலும் முதலில் அந்தக் கால்தான் மடங்கும். எடுத்துவிடலாமே என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். முதலாளி காதில் வாங்கவில்லை.

போன வாரம் அடிபட்ட ஆட்டக்காரரே கம்பு ஊன்றிக்கொண்டு கம்பெனிக்கு வந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் படத்த மட்டும் எடுத்துருங்க. யாராச்சும் போன்ல அனுப்பிருதாங்க. எங்கம்மா அதப் பாத்துட்டுச் சாப்பிடாமக் கெடக்கா."

கோபமே இல்லாமல் கேட்டார். முதலாளி உருகிப்போய் அவரை உட்காரவைத்து டீ வரவழைத்தார். "இன்னைக்கே எடுத்துருதேன் தம்பி" என்றார். பரவாயில்லை, ஆளுக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று நானும் நம்பினேன்.

ஆட்டக்காரர் டீயைக் குடித்துவிட்டு, கும்பிட்டு, கம்பை ஊன்றி எழுந்தார். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக நிறுத்திவைத்த கேமரா வாசலைப் பார்த்தபடி இருந்தது. முதலாளி என் பக்கம் குனிந்தார்.

"ஏலே, கேமராவப் போடு. இவன் நொண்டிக்கிட்டுப் போறத எடுத்து, அந்தப் படத்துக்குப் பொறவு சேத்துருவோம். இன்னும் எடுப்பா இருக்கும்."

நான் எழுந்துபோய், கேமராவுக்கு முதுகைக் காட்டி, அவரை மறைத்தபடி பின்னால் ஒட்டி நடந்தேன். முதலாளி உள்ளேயிருந்து கத்தினார். முன்னால் போனவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களும் வாரீகளாண்ணே?"

"வாரேன்" என்றேன்.